வெட்டிப்போட்ட ஓரம்

காலை 6.50.

பிரிண்ட் அக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தோளில் வரைபடச் சுருளோடு புதுக் கிளினிக்கின் வாசலைப் பார்த்தாள். வாசல் இருந்தது. வாசலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய கான்கிரீட் கூரையைத்தான் காணோம்.

அது கீழே கிடந்தது. சுவரை ஒட்டிய இடத்தில் முறிந்து மடங்கி, முன்விளிம்பு தரையில் குத்தி நின்றது. தூசு இன்னும் அடங்கவில்லை. அதன் அடியில் ஒரு துடைப்பம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு ரப்பர் செருப்பு. செருப்புக்குள் கால் இருந்தது.

சுருள் நழுவி விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கூரையை நோக்கி ஓடினாள். மேஸ்திரிதான் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"பக்கத்துல போகாதீங்க அக்கா! மிச்சமும் விழும்!"

"அடியில யாரு?"

மேஸ்திரி தலையில் கை வைத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "வாட்ச்மேன் அண்ணன். வாசலைப் பெருக்கிட்டு இருந்தாரு. நான் தண்ணி பிடிக்கப் பின்னால போனேன். ஒரே ஒரு சத்தம்தான் அக்கா."

வாரத்துக்கு இரண்டு முறை அவள் தன் பிரிண்ட் கடையிலிருந்து இங்கே வரைபடம் கொண்டுவருவாள். ஒவ்வொரு முறையும் வாட்ச்மேன்தான் சுருளை வாங்குவார். "குடுங்க, ராத்திரி பாயா விரிச்சுப் படுத்துக்கறேன்" என்பார். ஆறு மாதமாக அதே ஜோக். நேற்றுக்கூட, "புது ஜோக் ஒண்ணு கத்துக்கங்க அண்ணே" என்று அவள் கடிந்துகொண்டாள். இப்போது அந்தப் பழைய ஜோக்கை இன்னொரு தரம் கேட்க முடிந்தால் போதும் என்று இருந்தது.

காலை 7.40.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாதவர். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்பார்.

"முட்டு எப்ப எடுத்தீங்க?"

கான்கிரீட் இறுகும்வரை கூரையைத் தாங்கி நிற்கும் கம்புகள்தான் முட்டு. மேஸ்திரி முன்னால் வந்தார். "நேத்து சாயங்காலம் சார்."

"கான்கிரீட் போட்டது?"

"எட்டாம் தேதி. பதினாறு நாள் முட்டு நின்னுச்சு. வழக்கமா அதுவே தாராளம். சொல்லப்போனா, இன்னும் ரெண்டு வாரம் விட்டு வைன்னு திங்கக்கிழமை இன்ஜினியர் ஆபீஸ் சீனியர் சார் போன் பண்ணாரு. அவரு எப்பவுமே ஜாக்கிரதையான ஆளு. ஆனா கிளினிக் டாக்டர் திறப்பு விழாவுக்கு அவசரப்பட்டாரு. ஆபீஸ் முதலாளி நேர்ல வந்து எடுக்கச் சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் விழுந்துச்சு?"

மேஸ்திரி முறிந்த இடத்தைக் காட்டினார். "கம்பி கீழ்ப்பக்கமா இருக்கு பாருங்க சார். வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற கூரைக்குக் கம்பி மேல்பக்கம் இருக்கணும். கையை நீட்டி ஒரு குடத்தைத் தூக்குங்க, தோளுக்கு மேல்பக்கம்தானே விண்ணு விண்ணுன்னு இழுக்கும்? அந்த மாதிரி."

"தெரிஞ்சும் ஏன் கீழ கட்டினே?"

"டிராயிங்ல அப்படித்தான் இருக்கு." அவர் சட்டைக்குள்ளிருந்து மடித்த வரைபடத்தை எடுத்தார். நாலு ஓரமும் கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தது. "போன வேலையில டிராயிங் தப்புன்னு சொல்லப்போயி எல்லார் முன்னாலயும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். டிராயிங் சரி, நான்தான் தப்பு. அதிலேர்ந்து தாள்ல இருக்கிறதுதான் எனக்கு வேதம்."

"இதை பிரிண்ட் போட்டது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் பிரிண்ட் அக்கா.

"கடைக்குக் கொண்டுவந்து குடுத்தது?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "என் தங்கச்சி பொண்ணு. அந்த இன்ஜினியர் ஆபீஸ்லதான் வேலை பாக்கறா. மூணாம் தேதி, வியாழக்கிழமை, காலையில ஒன்பது நாப்பது."

இன்ஸ்பெக்டர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். அது நல்ல சகுனமாகப் படவில்லை.

"எல்லாத் தேதியையும் எழுதிக் குடுங்கம்மா."

அவள் கைப்பையிலிருந்து ரஃப் தாள் கட்டை எடுத்தாள். கடையில் மெஷின் கசக்கித் துப்பும் தாள்களைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. கிளிப் போட்டு வைத்து, வெள்ளையாக இருக்கும் முதுகுப்பக்கத்தில் எழுதிக்கொள்வாள். 3 பிரிண்ட், 8 கான்கிரீட், 21 போன், 24 முட்டு எடுத்தது, 25 என்று எழுதியவள், 25-க்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல் நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு, கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காலை 11.00.

இன்ஸ்பெக்டர் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனபோது, இன்ஜினியர் ஆபீஸில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. பதினைந்து வருஷமாக அங்கே வேலை பார்க்கும் சீனியர் இன்ஜினியர், இஸ்திரி கலையாத சட்டையில். மூலை மேசையில் குருவி. ஆள் சிறுத்து இருப்பதால் வீட்டில் வைத்த பெயர் ஆபீஸிலும் ஒட்டிக்கொண்டது. அவள்தான் பிரிண்ட் அக்காவின் தங்கை மகள். படிப்பை முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. படிக்கும்போதே அங்கே பயிற்சிக்குச் சேர்ந்து, அப்படியே வேலைக்கும் அமர்ந்தவள்.

சீனியர் அக்காவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். வெளியில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. அவர் சனிக்கிழமைகளில் ஒரு கல்லூரியில் வகுப்பெடுப்பது அங்கே யாருக்கும் தெரியாது. வினாத்தாள் நகலெடுக்க வரும்போதெல்லாம், "இங்க சொல்லிடாதீங்க அக்கா" என்பார். அவளும் சொன்னதில்லை. பிரிண்ட் கடைக்காரி வாயைத் திறந்தால் ஊரில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும்.

சீனியர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "இதுதான் சார் எங்க டிராயிங். கம்பி மேல்பக்கம். நான் சரிபார்த்தது."

"அப்ப சைட்டுக்குப் போனது?"

சீனியரே எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்தார். "அன்னிக்கு ரெண்டு காப்பி பிரிண்ட் போட்டோம். ஒண்ணு சைட்டுக்கு, ஒண்ணு ஃபைலுக்கு. இது ஃபைல் காப்பி. கம்பி கீழ. இந்த ஓரத்தைப் பாருங்க."

தாளின் நாலு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒரே வரி ஓடியது. *கல்விப் பதிப்பு. தொழில் பயன்பாட்டுக்கு அல்ல.*

"படிக்கிறவங்களுக்கு இந்த சாஃப்ட்வேரைக் கால்வாசி விலைக்குக் குடுப்பாங்க" என்றார் முதலாளி. "அதுல ஒரு கோடு போட்டாலும் பிரிண்ட்ல இந்த வரி வந்துடும், அழிக்க முடியாது. நாங்க முழு விலை குடுத்து வாங்கியிருக்கோம் சார். எங்க மெஷின்ல இது வராது."

"அதாவது, ஸ்டூடென்ட் வெர்ஷன்ல யாரோ மாத்தியிருக்காங்க" என்றார் சீனியர். குரலில் வருத்தம் இருந்தது. "இங்க ஸ்டூடென்ட்னு இருந்தது இவ ஒருத்திதான்."

குருவி எழுந்து நின்றாள். "சார், நீங்க குடுத்த பென் டிரைவை அப்படியே கொண்டுபோனேன். நான் திறக்கவே இல்ல!"

"நான் குடுத்தது சரியான டிராயிங்மா. போற வழியில உன் லேப்டாப்ல திறந்து எழுத்தை அழகுபடுத்தலாம்னு பாத்திருப்பே. கை தவறியிருக்கும்." அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "சின்னப் பொண்ணு சார். வேணும்னு செஞ்சிருக்க மாட்டா."

இப்படிப் பரிந்து பேசியே ஒருத்தியைக் குழியில் தள்ள முடியும் என்பதை அக்கா அன்றுதான் பார்த்தாள்.

"அந்த பென் டிரைவ் எங்க?"

"எங்கயோ தொலைஞ்சுபோச்சு சார்" என்றார் சீனியர்.

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். "உங்க வீட்ல யாராவது படிக்கிறாங்களா?"

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "என் பையன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறான் சார். கம்பின்னா அவனுக்கு நீட்டத்தான் தெரியும்!" சொல்லிவிட்டு, செத்தவன் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரணும்" என்றார் இன்ஸ்பெக்டர் குருவியிடம். "துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வா. ராத்திரி வீட்டுக்குப் போக முடியும்னு நான் சொல்ல முடியாது."

அக்காவின் கண் அந்த ஓரத்து வரியிலேயே இருந்தது. திடீரென்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சைட்டுக்குப் போகும் காப்பியை ஓரம் வெட்டிக் கொடுப்பது அவள் கடை வழக்கம், பலகையில் ஒட்ட வசதியாக இருக்கும். ஃபைல் காப்பிக்கு ஓட்டை போட வேண்டும், அதனால் வெட்டுவதில்லை. மேஸ்திரி கையில் இருந்த தாளில் எச்சரிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் அவளுடைய கத்தி. இரும்பு ஸ்கேலை வைத்து, நாலு பக்கமும், சர் சர்ரென்று அவளேதான் வெட்டினாள். என்ன வெட்டுகிறோம் என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் 1.15.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அக்கா குருவிக்கு எதிரே உட்கார்ந்தாள். குருவி அழுது அழுது மூக்கு சிவந்திருந்தாள்.

"என்னால எப்படி முடியும் பெரியம்மா? எனக்குத்தான் சலுகை முடிஞ்சுபோச்சே!"

"என்ன முடிஞ்சுபோச்சு?"

குருவி போனை நீட்டினாள். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி வந்த மெயில். *உங்கள் மாணவர் தகுதி முடிவடைந்தது. தற்போது படிப்பதற்கான சான்று இல்லாததால் புதுப்பிக்க இயலாது.*

"பழைய அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பிப் பாத்தேன். ஒத்துக்கலை. அன்னியிலேர்ந்து என் லேப்டாப்ல அது திறக்கவே மாட்டேங்குது. முழு விலைக்கு வாங்கணும்னா என் ஆறு மாசச் சம்பளம் வேணும்."

"இருபத்தெட்டாம் தேதியே பூட்டிட்டான். பிரிண்ட் போட்டது மூணாம் தேதி." அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, இதை அங்கயே சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"செத்துப்போனவரைப் பத்திப் பேசறாங்க, நாக்கு ஒட்டிக்கிச்சு பெரியம்மா."

அக்கா யோசித்தாள். இந்த மெயிலைக் காட்டினால், 'தோழி லேப்டாப்பில் செய்திருப்பாள்' என்பார்கள். குருவி செய்யவில்லை என்று நிரூபித்தால் போதாது. செய்தது யார் என்று கையோடு கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

"அந்தச் சலுகை யார் யாருக்குக் கிடைக்கும்? எங்கயாவது எழுதியிருப்பானே, படி."

குருவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தாள். "தற்போது படிப்பவர். வயது வரம்பு இல்லை."

"அறுபதுலயும் படிக்கலாம், நல்லது. அடுத்தது?"

"படிப்பை முடித்தவருக்குக் கிடையாது. மாணவரின் பெற்றோருக்கும் குடும்பத்தாருக்கும் கிடையாது."

"முதலாளி வீட்டுக் கம்பி தப்பிச்சுது. அப்புறம்?"

"அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் கற்பிப்பவர். பகுதி நேரமாக இருந்தாலும் உண்டு."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"திரும்பப் படி."

"கற்பிப்பவர், பெரியம்மா. வாத்தியாருக்கும் உண்டாம். மாணவர் சலுகைன்னு பேரு வெச்சதால எனக்கே தெரியலை."

தாளின் ஓரத்தில் மாணவர் என்ற சொல்லே கிடையாது. *கல்விப் பதிப்பு* என்றுதான் இருந்தது. 'ஸ்டூடென்ட் வெர்ஷன்' என்று பெயர் சூட்டியது சீனியர். கேட்டவர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா கடை நோட்டைப் புரட்டினாள். மூன்றாம் தேதி. காலை 9.40, பெரிய தாள் இரண்டு. அதே நாள் மாலை 6.15, சின்னத் தாள் நாற்பத்திரண்டு, வினாத்தாள். அன்று மெஷின் நடுவில் நாலைந்து தாளைக் கசக்கியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கசங்கிய தாளை அவள் எறிவதில்லையே.

கைப்பையிலிருந்து ரஃப் கட்டை எடுத்தாள். மேல் தாளின் முதுகில் அவள் கையெழுத்து: 3, 8, 21, 24, 25. கிளிப்பைக் கழற்றித் தாளைத் திருப்பினாள்.

அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டாள். காலையிலிருந்து அது அவள் கையிலேயே இருந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் கைக்கும் போய்வந்திருக்கிறது.

"பெரியம்மா? என்ன ஆச்சு?"

"தண்ணி குடு" என்றாள். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள். "இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. மேஸ்திரிக்கும் போடு."

மாலை 4.20.

அதே ஆபீஸ். அதே ஆட்கள், கூடவே மேஸ்திரி. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பது நிமிஷம் இருக்கு. சொல்லுங்கம்மா."

அக்கா முதலில் குருவியின் மெயிலை மேசையில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வேற யாரு மெஷின்லயாவது செஞ்சிருக்கலாமே?"

"செஞ்சிருக்கலாம். யாரு மெஷின்னுதான் சொல்ல வந்தேன். இந்தச் சலுகை படிக்கிறவங்களுக்கு மட்டும்னு காலையில எல்லாரும் சொன்னோம். தப்பு. சொல்லிக்குடுக்கறவங்களுக்கும் உண்டு. வாரத்துல ஒரு நாள் போனாலும் உண்டு." அவள் திரும்பினாள். "சீனியர் சார், உங்க ரகசியத்தை நாலு வருஷம் காப்பாத்தினேன். மன்னிச்சுக்குங்க. நீங்க சனிக்கிழமை கல்லூரிக்குப் போறது எனக்குத் தெரியும்."

முதலாளியின் வாய் பிளந்தது. சீனியர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார்.

"வகுப்பெடுக்கறது குற்றமா?"

"இல்ல சார். சலுகை வாங்கினதும் குற்றம் இல்ல. காலேஜ் வேலைக்குக் காலேஜ் சலுகை, உங்களுக்கு உரிமை இருக்கு." அவள் கசங்கிய தாளை எடுத்து, ஃபைல் காப்பிக்குப் பக்கத்தில் விரித்தாள். "இது நீங்க மூணாம் தேதி சாயங்காலம் என்கிட்ட நாப்பத்திரண்டு காப்பி எடுத்த வினாத்தாள். மெஷின் கசக்கினது. நாலாவது கேள்வியை நீங்களே படிங்க."

அவர் படிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து, விரலை வைத்து உரக்கப் படித்தார்.

"'கீழே உள்ள வரைபடத்தில் ஒரு பெரிய தவறு உள்ளது. அதைக் கண்டுபிடித்து, அதனால் என்ன நடக்கும் என்று எழுதுக. பத்து மதிப்பெண்.'"

கேள்விக்குக் கீழே சின்னதாக ஒரு வரைபடம் இருந்தது. நீட்டிய கூரை, கீழ்ப்பக்கம் கம்பி, நாலு ஓரத்திலும் அதே பொடி வரி. மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "ஐயோ, இது நம்ம கூரை!" என்று அலறினார்.

குருவி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள்.

"புதன்கிழமை நீங்க ஆபீஸ் டிராயிங்கை பென் டிரைவ்ல வீட்டுக்குக் கொண்டுபோனீங்க" என்றாள் அக்கா. "பிள்ளைங்களுக்குக் கண்டுபிடிக்கக் குடுக்கலாம்னு, வேணும்னே கம்பியைக் கீழ மாத்தினீங்க. உங்க கல்விப் பதிப்புல. அதே பேர்ல, அதே டிரைவ்ல சேமிச்சுட்டீங்க. காலையில அதையே இவ கையில குடுத்து, பிரிண்ட் போட்டு வான்னு அனுப்பிட்டீங்க. பரீட்சைக்குப் போக வேண்டிய தப்பு கட்டடத்துக்குப் போயிடுச்சு. அதுவரைக்கும் கைத்தவறுதான் சார். யாருக்கும் நடக்கும்."

"எனக்குத் தெரியாது" என்றார் சீனியர். "சத்தியமா, இன்னிக்குக் காலையிலதான்..."

"மேஸ்திரி அண்ணே, திங்கக்கிழமை சார் போன்ல என்ன சொன்னாரு?"

"இன்னும் ரெண்டு வாரம் முட்டை எடுக்காதேன்னாரு. ஏன் சார்னு கேட்டேன். சொன்னதைச் செய்யின்னு வெச்சுட்டாரு."

தவளை தன் வாயால்தான் கெடும். சீனியர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பதினாறு நாள் தாராளம்னு மேஸ்திரிக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?" அக்காவின் குரல் ஏறியது. "டிராயிங் சரியா இருந்தா முட்டு எதுக்கு சார் இன்னும் ரெண்டு வாரம்? திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும். இன்னிக்குக் காலையில அலமாரியிலேர்ந்து ஃபைலை எடுத்து ஓரத்தைக் காட்டினது யாரு? நீங்கதான். அந்த வரி இவளைக் காட்டும்னு தெரிஞ்சே எடுத்தீங்க."

சீனியர் வினாத்தாளைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை பேப்பர் திருத்தினேன். நாப்பத்திரண்டு பேர்ல நாப்பது பேர் சரியா எழுதியிருந்தாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த ஆபீஸ்ல என்னை யாரும் எதுவும் கேக்கறதில்ல. அங்க கேக்கறாங்க. வாரத்துல அந்த ரெண்டு மணி நேரம்தான் நான் மனுஷன். அடுத்த வகுப்புல சரியான டிராயிங்கையும் காட்டலாம்னு பென் டிரைவைத் திறந்தேன். உள்ள ஒரே ஒரு ஃபைல்தான் இருந்துச்சு, அதுல கம்பி கீழ."

"ஞாயித்துக்கிழமை" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"காரணத்தைச் சொன்னா இடிச்சுத்தான் கட்டணும். வகுப்பு விஷயம் வெளிய வரும், வேலை போகும். ரெண்டு வாரத்துல ஏதாவது வழி கண்டுபிடிக்கலாம், கீழ ஒரு தூண் வெச்சுடலாம்னு நினைச்சேன். முதலாளி முட்டை எடுக்கச் சொன்னது எனக்குத் தெரியாது."

"சொல்லியிருந்தா நான் எடுக்கச் சொல்லியிருப்பேனாய்யா?" முதலாளி கத்தினார். "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை!"

"அந்த பென் டிரைவ்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

சீனியர் பைக்குள் கைவிட்டு அதை எடுத்து மேசையில் வைத்தார். அதோடு ஒரு விடைத்தாள் கட்டும் வந்தது, சிவப்பு மையில் திருத்தியது. மேலே இருந்த தாளை இன்ஸ்பெக்டர் எடுத்தார். நாலாவது கேள்விக்கான பதிலைப் படித்தார். முகம் மாறிவிட்டது. தாளை அக்காவிடம் நீட்டினார்.

குண்டு குண்டான கையெழுத்து. *கம்பி கீழே உள்ளது. மேலே இருக்க வேண்டும். முட்டு எடுத்த சில மணி நேரத்தில் கூரை சுவரோரம் முறிந்து விழும். அந்த நேரத்தில் கீழே யாரும் நிற்கக் கூடாது.*

பக்கத்தில் சிவப்பு மையில் 10/10. அதற்குக் கீழே, *மிக நன்று.*

மேஸ்திரி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யாரோ ஒரு மாணவன் வாட்ச்மேனை எச்சரித்திருக்கிறான், ஐந்து நாள் முன்பே வாத்தியார் கைக்கு அது வந்திருக்கிறது. முழு மார்க்கும் வாங்கியிருக்கிறான்.

மாலை 5.00.

சீனியரை ஜீப்பில் ஏற்றினார்கள். இஸ்திரி கலையாத சட்டை அப்போதுதான் முதன்முதலாகக் கசங்கியிருந்தது. போகும்போது அவர் குருவியைப் பார்க்க முயன்றார். குருவி திரும்பவில்லை. பெரியம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத் தாளை நீட்டினார். "நீங்க சொன்னதெல்லாம் எழுதியாச்சு. கையெழுத்துப் போடுங்கம்மா. நல்லாக் கண்டுபிடிச்சீங்க."

அக்கா வரிக்கு வரி படித்தாள். ஓரங்களையும் விடவில்லை. பிறகு பேனாவை மூடினாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

"என்ன?"

"சைட் காப்பியில இருந்த அந்த வரியை வெட்டி எறிஞ்சது நான். மூணாம் தேதி, ஒன்பது நாப்பதுக்கு. அது மேஸ்திரி கண்ணுல பட்டிருந்தா கேட்டிருப்பாரு."

"அது குற்றம் இல்லம்மா. உங்க கடை வழக்கம்."

"குற்றமான்னு நான் கேக்கலை." அவள் தாளைத் திருப்பி அவரிடமே நீட்டினாள். "வாட்ச்மேன் அண்ணனுக்கு எதனால அப்படி ஆச்சுன்னு அவர் வீட்ல கேப்பாங்க. முழுசா இருக்கட்டும். எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து எழுதினார். அக்கா அதையும் ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.